கல்லூரிக்கு லேப்டாப் வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ முடிவு வந்து, கவுன்சலிங் முடிந்து, கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டால் வீட்டில் அடுத்து எழுகிற பேச்சு லேப்டாப்தான். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பொறியியல் கல்லூரியின் கணினி ஆய்வகத்தைக் கவனித்து வருகிறேன். ஜூன், ஜூலை மாதங்களில் மாணவர்களும் பெற்றோரும் என்னிடம் கேட்கிற கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். பல குடும்பங்கள் மாதக்கணக்கில் சேர்த்த பணத்தைக் கொடுத்து வாங்குகிற பொருள் இது. அதனால் எல்லோரிடமும் ஒன்றை வலியுறுத்திச் சொல்வேன்: மூடியில் ஒட்டியிருக்கிற பளபளப்பான ஸ்டிக்கரைப் பார்த்து வாங்காதீர்கள், பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிற முழு மாடல் எண்ணைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கடைக்குப் போகும் முன் முதலில் எதை முடிவு செய்ய வேண்டும்?

அதில் எந்த மென்பொருள் ஓடப்போகிறது என்பதை. பணக் கணக்கு அதற்குப் பிறகுதான். பிள்ளை சேர்ந்திருக்கிற அதே துறையில் மூன்றாம் ஆண்டு படிக்கிற ஒருவரைத் தேடிப் பிடித்து, "இதுவரை எதையெல்லாம் நிறுவ வேண்டியிருந்தது?" என்று கேளுங்கள். எந்தக் கடைக்காரரும் தர முடியாத தகவல் அது.

பி.காம். மாணவிக்கு டாலி பிரைமும் எக்செலும் ஓடினால் போதும். சாதாரணச் செயலியும் (பிராசஸர்) 8 ஜிபி ரேமும் (தற்காலிக நினைவகம்) அதற்குத் தாங்கும். கணினி அறிவியல் மாணவர் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவைத் திறந்து, எமுலேட்டரை (கணினிக்குள் ஓடுகிற மாதிரிப் போன்) ஓடவிட்டு, பக்கத்திலேயே பிரவுசரில் பத்து டேப் வைத்திருப்பார். அங்கே 16 ஜிபி இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் காத்திருக்க வேண்டியதுதான். சிவில் துறைக்கு ஆட்டோகேட் ஓடினால் போதும் என்று நினைத்து வாங்குவார்கள். பின்னால் ரெவிட்டும் ஸ்டாட் புரோவும் வந்து சேரும். மெக்கானிக்கல் மாணவருக்கு சாலிட்வொர்க்ஸ் வரும். விஸ்காம் மாணவருக்குத் திரையின் வண்ணம் சரியாக இருக்க வேண்டும். சட்டமோ இலக்கியமோ படிக்கிறவர் நாள் முழுவதும் தட்டச்சு செய்வார், பையில் தூக்கிச் சுமப்பார். அவருக்கு நல்ல கீபோர்டும் குறைந்த எடையும்தான் பெரிது.

இன்னொன்றையும் துணிந்து சொல்வேன். பொறியியல் முதலாண்டில் பெரும்பாலும் சி, பைத்தான் போன்ற நிரல்கள்தான். அவற்றைக் கல்லூரி ஆய்வகத்திலேயே எழுதிப் பழகலாம். கையில் பணம் இப்போது போதவில்லை என்றால் ஓராண்டு பொறுத்து வாங்குங்கள். அவசரத்தில் கடன் வாங்கி மந்தமான ஒன்றை வாங்கிவிட்டு, மூன்றாம் ஆண்டில் மறுபடியும் கடன் வாங்கிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஐ3, ஐ5, ஐ7 என்கிறார்கள். எண் பெரிதாக இருந்தால் நல்லதுதானே?

இவை இன்டெல் நிறுவனச் செயலிகளின் பெயர்கள். அந்த ஒற்றை எண்ணை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. அதற்குப் பின்னால் வருகிற நான்கைந்து இலக்கங்களில்தான் விஷயம் இருக்கிறது.

ஒருமுறை ஒரு மாணவியோடும் அவருடைய தந்தையோடும் கடைக்குப் போயிருந்தேன். மேசையில் இரண்டு லேப்டாப்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டிலும் ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 செயலி ஸ்டிக்கர். இரண்டிலும் 8 ஜிபி ரேம், 512 ஜிபி சேமிப்பிடம். விலையில் ஒன்று சற்றுக் குறைவு. "இரண்டும் ஒன்றுதான், நிறம்தான் வேறு" என்றார் விற்பனையாளர். அட்டையைப் புரட்டிப் பார்த்தால் ஒன்று 7520யூ, மற்றொன்று 7530யூ. இந்த 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கிற வடிவமைப்பைச் சொல்கிறது. அது 2 என்றால் ஜென் 2, அதாவது 2019-இல் வந்த வடிவமைப்பு, நான்கே கோர்கள் (வேலையைப் பகிர்ந்து செய்கிற உட்பகுதிகள்). 3 என்றால் 2020-இல் வந்த ஜென் 3, ஆறு கோர்கள். பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறு. அந்தத் தந்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு அட்டைகளையும் தானே படித்துப் பார்த்தார். 7530யூ-வை எடுத்துக்கொண்டு போனார்கள்.

இன்டெலில் பழைய பெயர் முறையில் முதல் இரண்டு இலக்கங்கள் தலைமுறையைச் சொல்லும்: 1235 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை, 1335 என்றால் பதின்மூன்றாம் தலைமுறை. புதிய ஐ3 பழைய ஐ5-ஐ எட்டிப் பிடிப்பதும் உண்டு. ஐ5-1135ஜி7 செயலியில் நான்கு கோர்கள். அடுத்த தலைமுறையில் வந்த ஐ3-1215யூ-வில் ஆறு. "ஐ5 என்பதால் விலை அதிகம்" என்று யாராவது சொன்னால், எந்த ஆண்டின் ஐ5 என்று கேளுங்கள்.

கடைசி எழுத்தையும் விடாதீர்கள். யூ என்றால் மின்சாரத்தைக் குறைவாகச் செலவழிக்கும் செயலி. பேட்டரி நீடிக்கும், சூடும் குறைவு. எச் என்றால் வேகம் அதிகம், விசிறிச் சத்தமும் அதிகம். வகுப்புக்கு வகுப்பு தூக்கிச் செல்கிறவருக்கு யூ நல்லது; மேசையிலேயே வைத்துக் கனமான வேலை செய்கிறவருக்கு எச்.

2023 முதல் இன்டெல் தன் புதிய செயலிகளின் பெயரில் ஐ என்ற எழுத்தை எடுத்துவிட்டது. இப்போது கோர் 5 என்றும் கோர் அல்ட்ரா 5 என்றும் வருகின்றன. அல்ட்ரா என்ற சொல் இல்லாத கோர் 5 120யூ, முந்தைய தலைமுறை வடிவமைப்புக்கே சூட்டிய புதுப் பெயர். சாதாரண வேலைக்கு அது மோசமில்லை. ஆனால் அல்ட்ராவுக்கான விலையை அதற்குக் கொடுக்க வேண்டாம். என்100 போன்ற செயலிகளோடு மலிவாக வருகிறவை ஆன்லைன் வகுப்புக்கும் தட்டச்சுக்கும் மட்டும்தான்.

8 ஜிபி ரேம் போதுமா? பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்கிறார்களே?

கூட்ட முடியுமா என்பதைப் பணம் கொடுக்கும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள். என் பக்கத்து வீட்டுப் பையனுக்கு இப்படித்தான் ஆனது. "இப்போது 8 ஜிபி எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்த வருடம் இன்னொரு 8 போட்டுக்கொள்ளலாம்" என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வருடம் ரேமையும் வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தான். பத்து சின்னத் திருகுகளைக் கழற்றி அடிமூடியைத் திறந்தால், போடுவதற்கு இடமே இல்லை. நான்கு கறுப்புச் சில்லுகள் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தன. அவன் முகம் போன போக்கு எனக்கு இன்னும் மனதில் இருக்கிறது.

எல்பிடிடிஆர் என்று தொடங்குகிற ரேம் பொதுவாகப் பலகையோடு பற்றவைத்துத்தான் வரும். மேலே சொன்ன 7520யூ அந்த வகை ரேமை மட்டுமே ஏற்கும். ஆகவே அந்தச் செயலி உள்ள எதிலும் பிறகு ரேம் கூட்டுவது நடக்காது. வெறும் டிடிஆர்4, டிடிஆர்5 என்றிருந்தால் வாய்ப்பு உண்டு. கடையில் காட்சிக்கு வைத்திருக்கிற கருவியிலேயே இதைப் பார்த்துவிடலாம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியை அழுத்துங்கள். கீழே ஃபார்ம் ஃபேக்டர் என்ற வரியில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் பற்றவைத்தது. 'சோடிம்' என்றிருந்தால் கழற்றி மாட்டக்கூடியது. எத்தனை ஸ்லாட்டில் எத்தனை பயன்பாட்டில் இருக்கின்றன என்பதும் அங்கேயே தெரியும். ஒரு பாதி பற்றவைத்து, இன்னொரு பாதிக்கு ஸ்லாட் விட்ட மாடல்களும் உண்டு. அவற்றை நான் தயக்கமில்லாமல் பரிந்துரைப்பேன்.

விண்டோஸ் 11-ஐ நிறுவ 4 ஜிபி போதும் என்பது மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கிற குறைந்தபட்ச அளவு. அதை வைத்து வாழ முடியாது. ஒன்றுமே திறக்காமல் இருக்கும்போதே 8 ஜிபியில் கிட்டத்தட்டப் பாதியை விண்டோஸும் பின்னணியில் ஓடுகிறவையும் எடுத்துக்கொள்கின்றன. நான்கு ஆண்டு ஓட வேண்டிய கருவி என்றால் 16 ஜிபி வாங்குங்கள். 2025 இறுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருப்பதால் இது சுமைதான். அப்படியானால் ஸ்லாட் உள்ள 8 ஜிபி மாடலை வாங்கி, விலை இறங்கும்போது கூட்டிக்கொள்வது விவேகம்.

512 ஜிபி என்று வாங்கினேன், 476 ஜிபிதான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. தயாரிப்பாளர் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று கணக்கிடுகிறார். விண்டோஸ் 1024-ஆல் மூன்று முறை வகுத்துக் காட்டுகிறது. அந்த வகுத்தலில் 512 என்பது 476 ஆகிவிடும்.

எஸ்எஸ்டியா, பழைய ஹார்டு டிஸ்க்கா?

எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டில்லாமல் சில்லுகளில் சேமிப்பது. அதிலும் வேகமான என்விஎம்இ வகை. பழைய இணைப்பு முறையான சாட்டாவில் வருகிற எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி அளவில் நின்றுவிடும். என்விஎம்இ வகையில் 3,500-ஐத் தாண்டுபவை சாதாரணமாகக் கிடைக்கின்றன. மலிவான சில மாடல்களில் 64 அல்லது 128 ஜிபி இஎம்எம்சி (மெதுவான சேமிப்புச் சில்லு) என்று போட்டிருக்கும். அதைத் தொடாதீர்கள்; விண்டோஸ் அப்டேட்டுக்கே அதில் இடம் போதாமல் திணறும். படம், பாட்டு சேர்த்து வைக்கத் தனியாக ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வாங்கிக்கொள்ளலாம்.

திரையில் என்ன பார்க்க வேண்டும்? எல்லாமே ஃபுல் எச்டி என்றுதானே போட்டிருக்கிறது?

படிக்கிற பிள்ளையின் கண் நான்கு ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருக்கப் போவது திரையைத்தான். ஆனால் விலையைக் குறைக்க நிறுவனங்கள் முதலில் கை வைப்பதும் அதில்தான். நம் நாட்டு விளம்பரங்களில் அளவைச் சென்டிமீட்டரில் போடுவார்கள்: 39.6 என்றால் 15.6 அங்குலம், 35.6 என்றால் 14 அங்குலம். ஹாஸ்டலுக்கும் வகுப்புக்கும் தூக்கிச் செல்ல 14 போதும்.

கடையில் நானே செய்கிற சோதனை ஒன்று உண்டு. நோட்பேடை முழுத்திரையில் திறந்து வெள்ளைப் பக்கத்தை வைத்துவிட்டு, மூடியை மெதுவாகப் பின்னுக்குச் சாய்ப்பேன். வெள்ளை மங்கி, சாம்பலாகி, எழுத்து வெளிறிப்போனால் அது டிஎன் வகைத் திரை. ஐபிஎஸ் வகையில் எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். பிறகு லேப்டாப்பைக் கடை வாசல் பக்கம் வெளிச்சத்தில் திருப்பி வைத்துப் பார்ப்பேன். 250 நிட்ஸ் வெளிச்சமுள்ள திரை அறைக்குள் சரி. சன்னலோரம் உட்கார்ந்தால் உங்கள் முகம்தான் அதில் தெரியும். 300-க்கு மேல் இருந்தால் நிம்மதி.

வண்ணத்துக்கு விவரத்தாளில் ஒரு வரி இருக்கும்; என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி என்பவை அதில் வருகிற வண்ண அளவுகோல்கள். 45 சதவீதம் என்டிஎஸ்சி என்றிருந்தால் சிவப்பு செங்கல் நிறமாகத்தான் தெரியும். கணக்கு எழுதவும் நிரல் எழுதவும் அது தடையில்லை. படத்தொகுப்போ வடிவமைப்போ படிக்கிறவர் 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி என்று எழுதியிருப்பதையே கேட்டு வாங்க வேண்டும். திரையின் உயரமும் முக்கியம்: 1920-க்கு 1200 என்ற திரையில், 1920-க்கு 1080-ஐவிட ஒரு பக்கத்தில் சில வரிகள் கூடுதலாகத் தெரியும். நீண்ட நிரலோ கட்டுரையோ படிக்கிறவருக்கு அந்தச் சில வரிகளின் அருமை தெரியும்.

தனி கிராஃபிக்ஸ் கார்டு தேவையா?

பி.காம்., பி.ஏ., பி.எஸ்சி. மாணவர்களில் பெரும்பாலோருக்குத் தேவையில்லை. இரு பரிமாண ஆட்டோகேட் வரைபடத்துக்கும் செயலிக்குள்ளேயே இருக்கிற கிராஃபிக்ஸ் தாங்கும். ரெவிட், சாலிட்வொர்க்ஸ், முப்பரிமாண அனிமேஷன், வீடியோ எடிட்டிங் என்று போகிறவருக்குத் தேவை. இயந்திரக் கற்றல் படிக்கிறவர்கள் அதற்காகவே கேமிங் லேப்டாப் கேட்பார்கள். கூகுள் கோலாபில் இலவசமாகவே தொடங்கலாம் என்று அவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

வாங்குவதென்று முடிவானால் இங்கேயும் அதே ஒரே பெயர்க் குழப்பம்தான். என்விடியா ஆர்டிஎக்ஸ் 4050 என்ற ஒரே பெயரில் 35 வாட் எடுத்துக்கொள்கிற லேப்டாப்பும் உண்டு, 115 வாட் வரை எடுத்துக்கொள்கிற லேப்டாப்பும் உண்டு. வாட் குறைந்தால் வேகமும் குறையும். விவரத்தாளில் இந்த வாட் அளவை டிஜிபி என்று குறிப்பிட்டிருக்கும். இல்லையென்றால் நிறுவனத்தின் தளத்தில் அந்த முழு மாடல் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். ஆர்டிஎக்ஸ் 3050-இல் 4 ஜிபி நினைவகத்தோடும் 6 ஜிபியோடும் இரு வகை இருக்கின்றன. இந்த வகை லேப்டாப்கள் இரண்டு கிலோவைத் தாண்டும். சார்ஜரின் எடை தனி. தினமும் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிற பிள்ளையின் தோளையும் கணக்கில் சேருங்கள்.

"12 மணி நேரம் பேட்டரி" என்று விளம்பரத்தில் சொல்வது உண்மையா?

வெளிச்சத்தைக் குறைத்து, ஒரே வீடியோவை ஓடவிட்டு எடுத்த கணக்காக இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது மணி நேரத்தை அல்ல, வாட் அவர் என்ற எண்ணை. மலிவான மாடல்களில் 41, 42 வாட் அவர் இருக்கும். நல்லவற்றில் 50 முதல் 70 வரை. சாதாரண வேலையில் லேப்டாப் மணிக்கு 8 முதல் 10 வாட் அவர் செலவழிக்கும் என்று வைத்து வகுத்துப் பாருங்கள்: 42 என்றால் நான்கைந்து மணி நேரம். காலை ஒன்பது மணிக்கு வகுப்புக்குப் போகிறவருக்கு மதியச் சாப்பாட்டு வேளையோடு சரி.

வெப்பம்தான் பேட்டரிக்கு எமன். நம் ஊர்ச் சித்திரை, வைகாசி வெயிலில் மெத்தையின் மேலோ தலையணையின் மேலோ வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். அடியிலிருக்கிற காற்றுத் துளைகள் அடைபடும். 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்துகிற வசதி பல நிறுவனங்களின் மென்பொருளில் இருக்கிறது. ஹாஸ்டல் மேசையில் எந்நேரமும் மின்சாரத்தில் செருகி வைத்திருக்கிறவர்கள் அதை அவசியம் போட்டு வையுங்கள்.

யூஎஸ்பி சி வழியாகச் சார்ஜ் ஏறுமா என்று கேட்டுக்கொள்வதும் நல்லது. சார்ஜர் பழுதானால் நண்பருடையதை வைத்துச் சமாளிக்கலாம்.

மேக்புக் வாங்கலாமா?

2020 நவம்பரில் எம்1 சில்லு வந்த பிறகு மேக்புக் ஏர் மிக நல்ல கருவியாகிவிட்டது. விசிறியே இல்லை, சத்தமில்லை, பேட்டரி நாள் முழுவதும் வரும். 2024 அக்டோபர் முதல் ஏர் வரிசை 16 ஜிபியிலிருந்துதான் தொடங்குகிறது. கணினி அறிவியல், ஊடகத் துறை மாணவர்களுக்கு வசதியிருந்தால் தாராளமாக வாங்கலாம். ஆனால் டாலி, ரெவிட், சாலிட்வொர்க்ஸ் மூன்றும் விண்டோஸுக்கானவை. சிவில், மெக்கானிக்கல், வணிகவியல் மாணவர்கள் மேக் வாங்கிவிட்டு என் ஆய்வகத்துக்கு வந்து நிற்பது ஆண்டுதோறும் நடக்கிறது. ரேமோ எஸ்எஸ்டியோ பிறகு கூட்ட முடியாது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏஐ லேப்டாப் என்று விற்கிறார்களே, அதற்காகக் கூடுதலாகக் கொடுக்கலாமா?

அதற்கென்று கொடுக்க வேண்டாம். சாட்ஜிபிடியும் ஜெமினியும் எங்கோ இருக்கிற சர்வரில் ஓடுகின்றன. பிரவுசர் உள்ள எந்த லேப்டாப்பிலும் கிடைக்கும். மைக்ரோசாஃப்ட் 2024-இல் கோபைலட் பிளஸ் என்ற ஏஐ லேப்டாப் பெயருக்கு 40 டாப்ஸ் (கணக்கிடும் வேகத்தின் அளவு) திறனுள்ள என்பியூவும் (ஏஐ வேலைக்கென்றே செயலிக்குள் இருக்கிற பகுதி) குறைந்தது 16 ஜிபி ரேமும் வேண்டும் என்று வரையறுத்தது. அந்த 16 ஜிபி உங்களுக்கு நன்மைதான்.

விண்டோஸ் இல்லாமல் விலை குறைவாக வருகிறதே? தமிழில் தட்டச்சு செய்ய முடியுமா?

டாஸ் அல்லது லினக்ஸ் என்று போட்டிருந்தால் விண்டோஸ் உரிமம் அதில் இல்லை. லினக்ஸ் தெரிந்தவருக்கு அது நல்ல மிச்சம். தெரியாதவருக்குக் கடையில் திருட்டு விண்டோஸ் ஏற்றித் தருவார்கள்; அதோடு என்னென்ன சேர்ந்து வரும் என்பதை யாரும் சொல்ல முடியாது. உரிமத்தோடு வாங்குங்கள். எம்எஸ் ஆஃபிஸ் இலவசம் என்றால் அது ஆயுள் முழுவதற்குமானதா, ஓராண்டுச் சந்தாவா என்று கேளுங்கள்.

தமிழுக்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. தமிழ்நாடு அரசு 1999-இல் ஏற்ற தமிழ் 99 விசைப்பலகை விண்டோஸ் 11-இலும் மேக்கிலும் உள்ளேயே இருக்கிறது. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் போதும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

பட்ஜெட் குறைவென்றால் புதிய மலிவு லேப்டாப்பைவிட, ஒரு காலத்தில் நிறுவனங்களுக்கென்று செய்த பழைய லேப்டாப்பையே நான் எடுப்பேன். ஐடி நிறுவனங்கள் மூன்று, நான்கு ஆண்டுகள் பயன்படுத்திவிட்டு மொத்தமாகக் கழிக்கிற திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக் வரிசைகளைச் சென்னை ரிச்சி தெருவில் அடுக்கி வைத்திருப்பார்கள். அவற்றின் உடலும் கீலும் கீபோர்டும் உழைப்பதற்கென்றே செய்தவை.

இன்டெல் செயலி எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருக்கக் கூடாது. அதற்கு முந்தையவற்றுக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. திங்க்பேட் டி480-இல் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைதான். பார்வைக்கு அதே மாதிரி இருக்கிற டி470-இல் அதற்கு முந்தையவை. ஒரு எண் வித்தியாசத்தில் ஏமாந்துவிடுவீர்கள்.

வாங்கும்போது அவசரப்படாமல் அரை மணி நேரம் கடையிலேயே உட்காருங்கள். மூடியை ஒரு விரலால் திறந்து மூடிக் கீலைப் பாருங்கள். எல்லா விசைகளையும் தட்டிப் பாருங்கள். பயாஸில் (விண்டோஸுக்கு முன் திறக்கிற அடிப்படை அமைப்பு) பாஸ்வேர்டு கேட்டால் அந்தக் கருவியே வேண்டாம். விண்டோஸின் பேட்டரி அறிக்கையை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். கமாண்ட் பிராம்ப்டில் ஒரே கட்டளையில் வந்துவிடும். வடிவமைத்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது முழுச் சார்ஜில் இருக்கிற கொள்ளளவும் அதில் அடுத்தடுத்து இருக்கும். பாதிக்குக் கீழே போயிருந்தால் புது பேட்டரி விலையைக் கழித்துப் பேசுங்கள். சீரியல் எண் எழுதிய பில் இல்லாமல் வாங்கவே கூடாது. திருட்டுப் பொருள் என்று பின்னால் யாராவது வந்து நின்றால் உங்கள் கையில் காட்ட எதுவும் இருக்காது.

அண்ணனுக்கு அரசு கொடுத்த பழைய லேப்டாப் வீட்டில் சும்மா கிடக்கிறது. அதைத் தம்பி பயன்படுத்த முடியுமா?

முடியும். 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த பழைய கருவிகளில் ஹார்டு டிஸ்க்தான் இருக்கிறது. அது மெதுவாவதால்தான் ஓரங்கட்டியிருப்பீர்கள். அதைக் கழற்றிவிட்டு இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு, லினக்ஸ் மின்ட் நிறுவிப் பாருங்கள். நிரல் பழகவும் கட்டுரை எழுதவும் முதலாண்டு முழுவதும் தாங்கும்.

கடையிலா, ஆன்லைனிலா? தவணையில் வாங்கலாமா?

கடையில் திரையையும் கீபோர்டையும் தொட்டுப் பாருங்கள். பிறகு இரண்டு இடத்து விலையையும் முழு மாடல் எண்ணை வைத்து ஒப்பிடுங்கள். பெயரை மட்டும் வைத்து ஒப்பிட்டால் வேறு வேறு கருவிகளை ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். ஆன்லைன் விலையைக் காட்டிப் பேசினால் பல கடைக்காரர்கள் இறங்கி வருவார்கள். ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதை ஒட்டிய டேப்பிலிருந்து தொடங்கி முழுவதும் வீடியோ எடுத்து வையுங்கள்.

வட்டியில்லாத் தவணை என்பதில் வங்கி வட்டி போடத்தான் செய்கிறது. அந்தத் தொகையை விற்பவர் விலையில் தள்ளுபடியாகக் கழிக்கிறார். ஆனால் வட்டியின் மேல் வருகிற 18 சதவீத ஜிஎஸ்டியும் வங்கியின் பிராசஸிங் கட்டணமும் உங்கள் தலையில்தான். வட்டி 3,000 ரூபாய் என்றால் வரி மட்டும் 540 ரூபாய். தாங்கிக்கொள்ளக்கூடியதுதான், தெரிந்து கொடுங்கள். முழுப் பணமும் ரொக்கமாகக் கையில் இருந்தால் அந்தத் தள்ளுபடியை விலையிலேயே குறைத்துத் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

வாரண்டியில் எதைக் கவனிக்க வேண்டும்?

வீட்டுக்கே வந்து பார்ப்பார்களா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்பதை. திருத்துறைப்பூண்டியில் இருப்பவருக்கு அருகிலுள்ள சர்வீஸ் மையம் தஞ்சாவூரிலோ திருச்சியிலோ இருந்தால், ஒரு சின்னப் பழுதுக்கு இரண்டு நாள் அலைச்சல். எந்த ஊரில் மையம் இருக்கிறது என்று நிறுவனத்தின் தளத்திலேயே பார்த்துவிட்டு பிராண்டைத் தேர்ந்தெடுங்கள். இதை நான் விவரத்தாளுக்குச் சமமாகவே மதிக்கிறேன்.

கீழே விழுந்தாலும் தண்ணீர் கொட்டினாலும் சாதாரண வாரண்டி உதவாது. ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு விபத்துப் பாதுகாப்பைத் தனியாகச் சேர்ப்பது வீண் செலவாகாது; ஆனால் அதை லேப்டாப் நிறுவனத்திடமிருந்தே வாங்குங்கள். கடைக்காரர் சொல்வதும் நடப்பதும் ஒன்றாக இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுக்கலாம்.

சார்ஜ் போட்டிருக்கும்போது உலோக உடலைத் தொட்டால் சுர்ரென்கிறது. பழுதா?

லேப்டாப்பில் பழுது இருப்பது அபூர்வம். சுவரில் எர்த் சரியில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். சார்ஜரில் மூன்று பின் இருந்தும், எர்த் இல்லாத மல்ட்டிபிளக்கில் செருகியிருப்பீர்கள். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் இணைப்பைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். சுர்ரென்பது உதறலாக மாறினால் உடனே பிடுங்கிவிடுங்கள்.

வாங்கி வந்த முதல் நாள் என்ன செய்ய வேண்டும்?

பெட்டி, பில், லேப்டாப்பின் அடிப்பக்கம் மூன்றிலும் சீரியல் எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணை நிறுவனத்தின் தளத்தில் இட்டால் வாரண்டி எப்போது தொடங்கியது என்று காட்டும். பில் தேதிக்கு முன்பே தொடங்கியிருந்தால் பில்லைப் பதிவேற்றித் திருத்தச் சொல்லுங்கள். செட்டிங்ஸில் செயலியின் முழுப் பெயரும் ரேமும் நீங்கள் கேட்டு வாங்கியவைதானா என்று சரிபாருங்கள். கேமரா, ஸ்பீக்கர், எல்லா போர்ட்டுகள், ஒவ்வொரு விசை என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள். மாற்றித் தரச் சொல்வதற்கு முதல் சில நாட்கள்தான் அவகாசம்.

மைக்ரோசாஃப்ட் கணக்கைப் பிள்ளையின் சொந்த மின்னஞ்சலில் தொடங்குங்கள். கடைப் பையன் உதவுகிறேன் என்று தன் மின்னஞ்சலைப் போட்டுத் திறந்து கொடுத்தால், ஆஃபிஸ் உரிமம் அவர் பெயரில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தக் கணக்கில் நுழைந்ததும் விண்டோஸ் 11 பல கருவிகளில் உள்ளே இருப்பதையெல்லாம் தானாகவே பூட்டி வைத்துவிடுகிறது. பின்னொரு நாள் ஏதோ அப்டேட்டுக்குப் பிறகு நீல நிறத் திரை வந்து 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். கணக்கின் பக்கத்திலிருந்து அந்த எண்ணை அன்றைக்கே எடுத்து, ஒரு தாளில் எழுதி, பில்லோடு சேர்த்து வீட்டு பீரோவில் வைத்துவிடுங்கள். பரீட்சைக்கு முந்தின இரவு ஹாஸ்டலிலிருந்து பிள்ளை பதறிப்போய் போன் செய்தால், இங்கிருந்து நீங்கள் ஒவ்வொரு இலக்கமாகப் படித்துச் சொல்லலாம்.